மிளகு வீடியோவில் இல்லாத குரல்

சோளக்காடு மிளகுக் கடை ரஹீம் பாய் இறந்துவிட்டார். நேற்றே பேளுக்குறிச்சியில் அடக்கமாம்... காலையில் அவர் மகன் அனுப்பிய மெசேஜைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

2007-ல் அவர் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கடைக்கு வெப்சைட் போட்டோம். அதில் வீடியோ இருந்தால் வெளியூர்க்காரர்கள் நம்பி வாங்குவார்கள் என்று ஆரம்பித்தது நான்தான்.

ஸ்டாண்டு எல்லாம் கிடையாது. மிளகு மூட்டை மேல் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா, அவ்வளவுதான். பாய் காலரை மூன்று தடவை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? இங்க மலையில ஒரே மழைங்க. உங்கூர்ல எப்படிங்க?"

அப்புறம்... பேச்சே இல்லை. கேமராவையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

"பாய், இது வீடியோங்க. யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, நீங்க பாட்டுக்குப் பேசுங்க."

"கேட்டுப்போட்டு பதிலுக்கு நிக்காம போனா மருவாதி இல்லீங்களே கண்ணு!"

ஒன்பது டேக். ஒன்பதிலும் கேட்டார், ஒன்பதிலும் காத்திருந்தார். கடைக்கு வருகிறவர்களிடம் நலம் விசாரிக்காமல் அவர் சரக்கைப் பற்றிப் பேசியதே இல்லை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. டவுனில் படித்த திமிர் வேறு... இந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பாய் மிளகைக் கிளறுவதை மட்டும் எடுத்து, செய்தி வாசிக்கிற மாதிரி என் குரலைச் சேர்த்துவிட்டேன்.

போட்டுக் காட்டினேன். "நல்லா இருக்குது சாமி. படிச்ச புள்ள பேசுனா மதிப்புத்தான்" என்றார்.

டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார். "ஏங்கண்ணு, நம்ம பேச்சு அவ்வளவு மோசமாங்க?"

நான் சிரித்து மழுப்பினேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மகன் அனுப்பிய மெசேஜில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது.

"அக்கா, அத்தா பேசுனது எங்ககிட்ட எதுவுமே இல்லீங்க. அப்ப எடுத்த வீடியோ இருந்தா அனுப்புங்க, அம்மா கேட்டுட்டே இருக்காங்க."

இல்லை தம்பி. அடுத்து கடையில் விற்கிற தேனுக்கு வீடியோ எடுக்க மெமரி கார்டில் இடம் போதவில்லை. உங்கள் அத்தா பேசியது அத்தனையும் நானே அழித்தேன். யாரும் சொல்லவில்லை, நானேதான்.

இருப்பது அந்த ஒரு வீடியோ. அதில் அவர் கை மட்டும்... பேசுவது நான்.

பாய், நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வாரேனுங்க. உங்க ஊட்டுக்காரம்மா முகத்தப் பாத்து இதை எப்படிச் சொல்லுவேனுங்க...