நம்ப முடியாத கடைசிக் காட்சி

அந்த இந்திப் படத்தை ஈப்போவில் ஒரு பகல் காட்சியில் பார்த்தேன். அரங்கு ஏறக்குறைய காலி. திரையின் அடியில் மலாய் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. மலையூர் ஒன்றில் ஓர் இளம்பெண் காணாமல் போகிறாள். ஊரே தேடுகிறது. அவள் ஏரியில் மூழ்கியதை ஒரு பள்ளி ஆசிரியர் பார்த்தார் என்பது கடைசியில்தான் தெரியவருகிறது. அவர் காப்பாற்றவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அவள் கரையில் விட்ட குடையை எடுத்துப்போய் ரயில் நிலையப் பெஞ்சில் சாய்த்து வைக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருகிறார்.

அவர் கை கழுவும்போது என் பக்கத்து இருக்கை தானாகக் கீழே இறங்கியது. ஆள் உட்கார்ந்தால்தான் இறங்கி நிற்கும் மடக்கு இருக்கை அது. படம் முடியும்வரை மேலே போகவில்லை. ஸ்பிரிங் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து வரும்போது அதைத் தொட்டுப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குத் திரை விமர்சனம் எழுதுகிறேன். பழைய மாணவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கிறார்கள். இந்தப் படத்துக்கு எழுதும் முன் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினேன். மும்பை விமர்சகர்கள் முதல் பாதியைக் கொண்டாடியிருந்தார்கள். மூடுபனியையும் சத்தமில்லாத ஏரியையும் வாயாரப் புகழ்ந்திருந்தார்கள். கடைசிக் காட்சியை மட்டும் ஒருவரும் ஏற்கவில்லை. யூடியூபில் ஒரு சென்னைப் பையன், "வாத்தியார் எதுக்குங்க குடையத் தூக்கிட்டுப் போறாரு? டைரக்டரக் கேட்டா அவருக்கே தெரியாது" என்று சிரித்தான்.

எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"சார் மூஞ்சியப் பாருங்க பாய்," என்றார் எதிரே இருந்த நண்பர், தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். "படத்துல வர்ற வாத்தியார் மாதிரியே இருக்காருலா."

"அலாமா, சார அப்படிச் சொல்லாதீங்கண்ணே," என்றார் கடைக்காரர். "அப்படி ஒரு ஆளு இருப்பானா? என் கடையில ஒரு ரொட்டி கருகினா தைப்பிங் வரைக்கும் சேதி போயிருது. ஒருத்தி செத்தத பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருக்க முடியுமா?"

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து எழுதினேன்: 'படித்த மனிதர் ஒருவர் இப்படி நடந்துகொள்வார் என்பதை நம்ப முடியவில்லை. இப்படி ஓர் ஆள் இருக்க முடியாது.' குழுவில் கட்டை விரல்கள் குவிந்தன.

மறுநாள் காலை என் பழைய மாணவி ஒருத்தியின் அம்மா போன் செய்தார். நாங்கள் ஒரே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். என் அப்பா அங்கே கிராணியாக ஆபீசில் கணக்கு எழுதினார். அந்த அம்மாவின் வீட்டார் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். அவருடைய அண்ணன் இளம் வயதில் காணாமல் போனவர். சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான் என்றது தோட்டம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஏதாவது தகவல் உண்டா என்று கேட்பார்.

"அண்ணே, நீங்க எழுதுனத மக போன்ல காட்டுனா. அந்தப் படத்த நானும் பாத்தேன். பாத்ததுலேர்ந்து தூக்கமே இல்ல. எங்கண்ணனும் அப்படித்தான் தண்ணியில போயி, எவனோ பாத்துட்டு சும்மா இருந்துட்டானோன்னு. அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டு, செய்ய வேண்டியதச் செஞ்சிறலாம்னுகூட நெனச்சேன். நல்லவேள, அப்படி ஆளே இருக்க முடியாதுன்னு நீங்க எழுதிட்டீங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்? அப்ப அவன் எங்கயோ இருக்கான், இல்லண்ணே?"

"நேர்ல வர்றேம்மா," என்றேன்.

"நெசமாவா? வீடு குடிபோன நாள்லேர்ந்து கூப்பிடுறேன், ஒருநாளும் வந்ததில்ல. வாங்கலா. ஹாலு தரை மறுபடி இறங்கியிருக்கு, பாத்து நடக்கணும், அவ்வளவுதான்."

நடந்தது இதுதான். கல்லூரி விடுமுறையில் நானும் அவர் அண்ணனும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் மீன் பிடிக்கப் போனோம். அங்கே போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. தூண்டில் அப்பாவுடையது. அது அடியில் சிக்கிக்கொண்டதும், "இறங்கி எடு," என்றேன். கிராணி மகன் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். சுரங்கம் தோண்டிய குட்டைகளில் கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே ஆழம். ஒரு தடவை தலை தெரிந்தது. பிறகு தண்ணீர் மூடிக்கொண்டது. வெகுநேரம் நின்றேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கத்தியிருந்தால் பால் வெட்டுகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். நான் கத்தவில்லை.

அவருடைய சைக்கிளை ஓட்டிப்போய்ப் பேருந்து நிலையச் சுவரில் சாய்த்து வைத்தேன். வீட்டுக்கு நடந்து வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். கை கழுவியதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கோ ஒரு மலையூரில் படம் எடுத்தவருக்கு அது எப்படித் தெரிந்தது?

அந்த அம்மாவின் வீடு ஈப்போவை அடுத்த லகாட்டில், வரிசை வீடுகளில் ஒன்று. உள்ளே கால் வைத்ததும் ஒரு டைல் மெல்ல அமுங்கி எழுந்தது. சுவரில் அண்ணன் படம், பொட்டும் மாலையும் இல்லாமல். காபி கொண்டு வந்து வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்தக் குட்ட?"

"கோயிலுக்குப் பின்னால இருந்தது. அப்புறம் மண்ணப் போட்டு மூடிட்டாங்க."

"மூடி?"

"வீடு கட்டுனாங்க."

என் கண்கள் தரைக்குப் போயின. நான் ஏன் இத்தனை காலம் இந்த வீட்டுப் படி ஏறவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவரும் தரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு காலாக மெல்லத் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு டைல் 'டக்' என்றது. யாரும் அதை மிதிக்கவில்லை.

"இங்கதானே பாய் விரிச்சுப் படுக்கிறேன்," என்றார், அந்த டைலைப் பார்த்தபடி.

நான் எழுந்து படத்தின் பக்கம் திரும்பினேன். மாலை வாங்கி வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"மாலைய நான் வாங்கிக்கிறேன். நீங்க வாங்கக் கூடாது. போங்கண்ணே. போயி அந்தப் படத்தப் பத்தி எழுதுனத மாத்துங்க. அப்படி ஒரு ஆளு இருக்கான்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன். முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று குழுவில் கோபிக்கிறார்கள்.