கோவில்பட்டி ஒயின் கடையில் ஒரு சனிக்கிழமை

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை கோவில்பட்டி போய்வந்தோம். காரணம் ஒரு கம்பு ரொட்டி. தோழி கொண்டுவந்து கொடுத்தாள். தடித்த தோல், உள்ளே மெத்தென்று, லேசான புளிப்பு. "அங்க ஒரு ஒயின் கடை இருக்கு. சனிக்கிழமையானா நாலஞ்சு விதம் ருசி பார்க்கக் கொடுப்பாங்க, கூடவே சுடச்சுட ரொட்டி" என்றாள். ஒயின் என்றதும் வேண்டவே வேண்டாம் என்றேன். என் கணவர் முருகேசன் குடியை விட்டு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அது போதையில்லாத திராட்சை ரசம், சர்ச்சுக்கெல்லாம் போவது என்று அவள் விளக்கினாள்.

அவரிடம் சொன்னேன். "நானும் வர்றேன். எல்லாத்துக்கும் எத்தனை நாள் பயந்துக்கிட்டே இருக்கிறது?" என்றார். பயந்துகொண்டிருந்தது நான்தான்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை எட்டு மணிக்குப் பஸ். ஆளுக்கு நூற்றுப் பத்து ரூபாய். நூறு கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆனது. சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல், பருத்தி வெடித்து நின்றது. அவர் எதையும் பார்க்கவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளுவதும் இழுப்பதுமாக வந்தார். "ஒன்னுமில்லையே?" என்று மூன்று தடவை கேட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் "ஒயின் கடைக்குப் போகணும்" என்று சொன்னேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். நேராக ஒரு மதுக்கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கடை பூட்டியிருந்தது, அதற்குள்ளேயே ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள்.

"பன்னெண்டு மணிக்குத்தான் தொறப்பாவ. அங்கன நிழல்ல நிக்கீங்களா?"

"இது இல்ல அண்ணாச்சி, ரொட்டி போடுற கடை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"எஸ்தர் அக்கா கடையா? அதை மொதல்லயே சொல்லுததுக்கு என்ன!" என்று சிரித்தார். முருகேசன் அந்த மதுக்கடை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்கா கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

கடை சின்னது. ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு. பின்பக்கம் கருவேல விறகு எரியும் அடுப்பு. பதினோரு மணிக்கு ஆரம்பித்தது, ஆளுக்கு நூற்றைம்பது. கழுகுமலையிலிருந்து வந்த ஒரு ஆசிரியர் தம்பதி, மறுநாள் சர்ச் ஆராதனைக்கு ரசம் வாங்க வந்த உபதேசியார் ஒருவர், நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் கூட்டம். எஸ்தர் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், முழங்கை வரை மாவு. "கம்பத்துப் பன்னீர் திராட்சை. காய்ச்சி வடிச்சது. ஒரு சொட்டு போதை கெடையாது, பயப்படாமக் குடிங்க" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

முதல் கிளாஸ் வெறும் திராட்சை, சோள ரொட்டியோடு. அடுத்தது இஞ்சி போட்டது, கம்பு ரொட்டியோடு. சூடான ரொட்டியைக் கிழித்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். இவர் முகம் கொஞ்சம் இளகியது. மூன்றாவதாக, அந்த வாரம் போட்ட கிராம்பு ரசத்தைத் திறந்து ஊற்றினார் அக்கா.

முருகேசன் கிளாஸை மூக்குவரை கொண்டுபோனார். குடிக்கவில்லை. மெதுவாகக் கீழே வைத்தார்.

"அக்கா, இது புளிச்சுப் பொங்கிருச்சு. போதை ஏறியிருக்கு."

"இருக்காதே தம்பி" என்று அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மூடி சரியா இறுகல போல. வெயிலு வேற."

உபதேசியார் எழுந்தேவிட்டார். "நாளைக்குத் திருவிருந்துக்கு இதுலதானே ஆறு பாட்டில் எடுத்து வச்சிருக்கேன்! குடிய விட்டவிய எங்க சபையில எத்தனை பேரு இருக்காவ தெரியுமா?"

"அத்தனையும் கொட்டிருதேன் ஐயா. காலையில வேற காய்ச்சித் தாரேன்" என்றார் அக்கா.

அப்போது அந்த ஆசிரியர் வெள்ளந்தியாகக் கேட்டார்: "குடிக்காமலே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

முருகேசன் எழுந்து போனார்.

கை கழுவப் போயிருப்பார் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆனது. போன் செய்தேன், மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே அடித்தது. தெருவுக்கு ஓடினேன். ஆள் இல்லை. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் அந்த இரண்டு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். மதுக்கடை திறந்திருந்தது. வரிசையில் ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். அவர் போட்டிருந்தது போலவே நீலச் சட்டை ஒன்று தெரிந்தது. கிட்டப் போனால் வேறு யாரோ. அவர்கள் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள், பெண்பிள்ளை அங்கே எதற்கு வருவாள் என்று தெரிந்தவர்கள்போல.

திரும்பி வந்தபோது எஸ்தர் அக்கா வாசலில் நின்றார். "எங்கன போனீங்க? அவிய கொல்லையிலல்லா நிக்காவ."

அடுப்புக்குப் பின்னால், பருத்திக்காட்டைப் பார்த்தபடி முருகேசன் நின்றார். கையில் அப்போதுதான் எடுத்த ரொட்டி. விரல் சுடச்சுடப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"வாசல் வழியா இறங்கியிருந்தா நேரா அங்கதான் போயிருப்பேன். அதான் பின்பக்கமா வந்துட்டேன்" என்றார்.

அவர் கையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிடுங்கித் தின்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை மட்டும்தான். பத்தரைக்குள் போனால் உட்கார இடம் கிடைக்கும். ரொட்டி ஒன்று எண்பது ரூபாய், மூன்று நாள் தாங்கும். மார்ச்சுக்கு மேல் வெயில் ஏறிவிடும். பாட்டில் வாங்கினால் வீடு சேர்ந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குடியை விட்டவரை அழைத்துப்போவதானால் ரொட்டிக்கு மட்டும் போங்கள். போதையில்லை என்று யார் சொன்னாலும், திராட்சை தன் வேலையைத் தானே ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டு மணிக்குத் திரும்பும் பஸ் கிடைத்தது. சாத்தூர் வருவதற்குள் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கொல்லையில்தான் நின்றாரா? அரைமணி நேரம் என்னை நானே தடுத்துப் பார்த்தேன். கடைசியில் மெல்லக் குனிந்து அவர் மூச்சை முகர்ந்தேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ரொட்டிதான்."