மாலை கழற்றியதற்கு ஒரு பார்ட்டி

கொழும்பில் ஒருவன் குடிக்கத் தொடங்கினால் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. நிறுத்தினால்தான் விசாரணைக் கமிஷன் வைக்கிறார்கள்.

களுபோவில ஆஸ்பத்திரி டொக்டர் ஈரலைப் பற்றிச் சொன்னதால் குடியை விட்டேன் என்றால் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. மனைவி சொன்னதால் விட்டேன்.

"இனி ஒருக்கா அந்த மணம் வந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டை போயிடுவன்."

அம்மா வீடு கல்கிசையில். வெள்ளவத்தையில் எங்கள் வாசலில் பஸ் ஏறினால் போதும். சண்டை பிடித்துச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கே விட்டுவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் புது வேலை கிடைத்தது. கப்பலில் சரக்கு அனுப்பும் கம்பனி. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்ததும் எல்லோரும் பக்கத்து பாரில் கூடுவார்கள். மனேஜர் சிங்களவர், தங்கமான மனிதர். கிளாஸை என் பக்கம் தள்ளி, "எகாய் மல்லி" என்பார். ஒன்றே ஒன்றுதான் தம்பி என்று அர்த்தம். அவருக்குப் பக்கத்தில் எங்கள் சீனியர் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர், கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர். அவர் ஒரு தத்துவம் வைத்திருந்தார்.

"குடிக்காதவனுக்கு முன்னால மனம் விட்டுக் கதைக்கேலாது தம்பி. அடுத்த நாள் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருப்பான்."

அதில் நியாயம் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த மேசையில் அது ஒரு பதிலே இல்லை. வயிற்றுப்புண் என்றேன். கிளார்க் அண்ணையின் மாமாவுக்கு வயிற்றுப்புண் மாறியதே சாராயத்தால்தானாம். வெறும் சோடாவை வைத்துக்கொண்டு நான் பொரித்த கணவாயைக் காலி பண்ணியதில் வேறு பகை வளர்ந்தது.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். பக்தி கொஞ்சம் இருந்தது. பயம் அதைவிடக் கூட. கறுப்புச் சேர்ட்டும் தாடியும் கழுத்தில் துளசி மாலையுமாக வேலைக்குப் போனேன். அன்றிலிருந்து ராஜ மரியாதை. மனைவிக்காக விட்டேன் என்றால் விழுந்து விழுந்து சிரித்திருக்கக் கூடியவர்கள், சாமிக்காக என்றதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் மேசைக்குக் கிட்ட ஒருவரும் மீன் பார்சல் பிரிக்கக்கூடாது என்று மனேஜர் உத்தரவே போட்டார். கிளார்க் அண்ணை என்னைச் சாமி என்று கூப்பிட்டு, மகளின் சோதனைக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு மனிதன் திருந்துவதற்கு இந்த நாட்டில் கடவுளின் சிபாரிசு தேவைப்படுகிறது.

சபரிமலைக்கும் போய் வந்தேன். படி ஏறும்போது அழுதேன். அது நடிப்பில்லை. இறங்கும்போதுதான் புத்தி வேலை செய்தது. விரதம் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டே! மாலையைக் கழற்றிய பிறகு எதைச் சொல்லித் தப்புவது?

கம்பனி எனக்கு முன்பே அதை யோசித்து வைத்திருந்தது. இவ்வளவு காலமும் பாவம் பிள்ளை எப்படித் தவித்திருப்பான் என்று உருகி, கல்கிசைக் கடற்கரை ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்ட்டி ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். குடும்பத்தோடு வரவேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

மனேஜர் எனக்கென்று ஒரு வெளிநாட்டு விஸ்கிப் போத்தலை உடைக்காமல் வைத்திருந்தார். நான் தொடாமல் ஒருவரும் தொடமாட்டார்களாம். முதல் கிளாஸ் என் முன்னால் வந்தது. மேசையின் மறுபக்கம் மனைவி மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு முறை முறைத்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

மணம் மூக்கில் ஏறியது. வாய் ஊறியது. ஐயப்பன் கேரளாவில் இருந்தார்.

"எனக்கு வேண்டாம்" என்றேன். "இப்ப விரதம் ஒண்டுமில்லை. நான் ஒண்டு குடிச்சா நிப்பாட்டத் தெரியாதவன். குடிச்சா இவையள் ரெண்டு பேரும் என்னை விட்டுட்டுப் போயிடுவினம்."

மனேஜருக்காகச் சிங்களத்திலும் சொன்னேன்.

பிறகு மனேஜர் மிகுந்த வருத்தத்தோடு, "இதை முதலே சொல்லியிருக்கலாமே மல்லி, நாங்கள் கட்டாயப்படுத்தியிருப்போமா?" என்று சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் ஒரே குரலில், சேச்சே, இல்லவே இல்லை என்றார்கள். ஊற்றியதை வீணாக்க மனம் வராமல் கிளார்க் அண்ணை என் கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாலையும் கறுப்புச் சேர்ட்டும் இல்லாமல், வாய் திறந்து சொல்லிவிட்டேன் அல்லவா? கிளார்க் அண்ணையின் மனைவி என் மனைவி பக்கம் சரிந்து கேட்டா:

"எப்பிடித் தங்கச்சி இவரை நிப்பாட்டினனீங்கள்?"

இப்போது என்னைப் புகழப் போகிறாள் என்று காதைக் கொடுத்தேன்.

"நிப்பாட்டிட்டார் எண்டு நான் இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா. இண்டைக்குக் குடிக்கேல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

எனக்குச் சுரீரென்றது. இவ்வளவு பேருக்கு முன்னால் மானத்தை விற்று வாங்கிய பெருமையை இவள் ஒரு நொடியில் பறித்துவிட்டாளே என்று கோபம் கோபமாக வந்தது. திருப்பி ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

அந்த அக்கா என்னைக் கவனிக்கவில்லை. கணவரின் கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தா.

"அப்பிடி ஒரு நாள் கூட எனக்குக் கிடைக்கேல்லையே, தங்கச்சி" என்றா.