விளக்கு எரிவதற்கு முன் ஒரு படி

என் அம்மாவுக்கு ஒரு பழக்கம். விரல் சுவிட்சைத் தட்டும்போதே கால் குளியலறைக்குள் இறங்கிவிடும். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் குளியலறைத் தரை ஒரு படி தாழ்வு. பழைய குண்டு பல்பு தட்டியவுடன் எரியும். அதை நம்பிப் பழகிய கால்.

பசாரில் ஒரு மலிவான எல்இடி பல்பு வாங்கித் தானே மாட்டினார். வேலையில் இருந்த எனக்குப் போன் போட்டு, "லைட்டு யோசிச்சுட்டுத்தான் எரியுதுடா, ஒங்கப்பா மாதிரி" என்று சிரித்தார்.

மறுநாள் அந்தப் படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது.

பல்பை உடைத்துப் பார்த்தேன். எல்இடி விளக்கை ஓட்டும் மின்னணுச் சில்லு வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. சில்லு விழிப்பதற்கு முன் ஒரு கெப்பாசிட்டர் நிரம்ப வேண்டும். ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் கசிந்து கசிந்து அதை நிரப்பும். தூங்கும் சில்லே அதில் பாதியைக் குடித்துவிட்டால் நிரம்ப நேரமாகும். அதுவரை இருட்டு. ரெசிஸ்டரைச் சிறிதாக்கினால் சீக்கிரம் நிரம்பும், ஆனால் விளக்கு எரிகிற நேரமெல்லாம் சூடாகி மின்சாரத்தைத் தின்னும். தொடக்கத்தில் குறைவாகக் குடிக்கும் சில்லைச் செய்வதுதான் ஒழுங்கான வழி. அதற்குக் கூடுதல் உழைப்பு வேண்டும். அந்தப் பல்பில் எவனும் உழைக்கவில்லை.

பிறகு எங்கள் புதிய சில்லுக்கான கூட்டம். எங்களுடையதும் அதிகம் குடித்தது. திருத்த வேண்டும் என்றேன்.

"தம்பி, ஒரு செக்கண்டு லேட்டு. எவன் கவனிக்கப் போறான் லா?" என்றார் மேனேஜர்.

"எங்கம்மா இடுப்பு கவனிச்சிச்சுண்ணே."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சோரி லா தம்பி. ஆனா சில்லு அனுப்புற டேட்ட மாத்த முடியாது."

மாற்றவில்லை. சில்லு அப்படியே போனது. என்னால் முடிந்தது கத்துவது மட்டும்தான். கத்தினேன்.

வீட்டில் இப்போது தட்டியவுடன் எரியும் விளக்கு. நானே தேடி வாங்கினேன். எலும்பும் கூடிவிட்டது, நடக்கலாம் என்கிறார் டாக்டர். அம்மா சுவிட்சைத் தட்டிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்தபடி நிற்கிறார். உள்ளே பளீரென்று வெளிச்சம். கால் மட்டும் இறங்குவதில்லை.

"எரிஞ்சிருச்சாடா?"

"எரிஞ்சிருச்சும்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா."