சிருதையின் இரண்டு முட்டிகள்

கணாரன் முப்பத்தோரு வருடம் ஊரார் பணத் தேவைக்கு வைத்த பணப்பயற்று என்னும் மொய் விருந்துகளில் எல்லாம் டீ குடித்து மொய் எழுதினார். வாங்கியவர் பிறகு அதற்கு மேல் கூட்டித் திருப்புவதுதான் முறை. கணாரன் தனக்கென்று ஒன்று வைத்ததில்லை. வீடு கட்டியபோதும் வைக்கவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தபோதும் வைக்கவில்லை.

எழுபத்து நாலாம் வயதில் வைத்தார். மனைவி சிருதைக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. போன வருடம் ஒரு முட்டிக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன தொகைக்கு இந்த வருடம் முக்கால் முட்டிதான் வரும். இன்சூரன்ஸ்காரர் வயதைக் கேட்டார். அப்புறம் வரவில்லை.

சிருதை ஒப்புக்கொள்ளவில்லை.

"நாம போட்டது வரட்டும். அதுக்கு மேல கூட்டிப் போடுவாங்களே, அதை யாரு திருப்புவா?"

"நான்தான்."

"எதுல வந்து? பாடையிலயா?"

கணாரன் ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மதுவின் டீக்கடையில் தோரணம் கட்டி, மொய் நோட்டு வைத்து, பக்கத்தில் ஓர் அட்டை மாட்டினார்: 'பழைய மொய் மட்டும். கூட்டிப் போட வேண்டாம்.'

அந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். மூன்று மணி வரை நாற்காலிகள் காலி. வெல்லம் போட்ட அவல் காய்ந்தது. வாசலில் ஆட்டோவுக்குள் சிருதை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பழைய கூட்டாளி பொக்கன் மட்டும் உள்ளே வந்தார்.

"எடா கணாரா, என்னைப் பிச்சைக்காரன்னு அட்டையில எழுதி மாட்டியிருக்கியா?"

"திருப்ப நான் இருக்கணுமேடா."

"நீ போனா போ. முட்டி யாருக்குப் போடுற? அவளுக்குத்தானே? அவ நடந்து வருவா."

பதில் ஆட்டோவிலிருந்து வந்தது.

"அம்மது, அந்த அட்டையைக் கழட்டு. மொய் திருப்ப நான் வரேன்."

"பொம்பளைங்க பணப்பயற்றுக்கு வந்து நான் பாத்ததில்லையே, சிருதை சேச்சி!" என்றார் அம்மது.

"ஆஸ்பத்திரில ஆம்பள முட்டி, பொம்பள முட்டின்னு தனித்தனியாவா விக்கிறாங்க?"

தெருவில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்ததில் கடை குலுங்கியது. அட்டை அடுப்புக்குள் போனது. ஆறு மணிக்குள் திரும்பிப் போனவர்கள் எல்லாம் வந்து, இரண்டு முட்டிக்கும் பணம் சேர்ந்துவிட்டது. அவல் இரண்டாம் தடவை கிளற வேண்டியிருந்தது.

அதன்பின் கணாரன் பதினாலு மாதம் இருந்தார். தினமும் சாயங்காலம் சிருதைக்குப் பின்னால் மூச்சு வாங்க நடந்தார். "மெதுவா போடி, முட்டி உனக்குத்தான் புதுசு!"

இப்போது அந்த நோட்டு அவள் கையில். யார் பணப்பயற்று வைத்தாலும் தேங்காய் விற்ற பணத்தோடு, மேட்டின்மேல் இருக்கும் டீக்கடை வரைக்கும் தனியாக ஏறிப் போகிறாள். கொடுக்க வேண்டியதற்கு மேல் கூட்டிப் போடுகிறாள். அவல் இரண்டு தட்டு சாப்பிடுகிறாள்.

"பாதி ஊரு எனக்குத் திருப்பணும், அம்மது. என்ன காரணம் சொல்லிப் பயற்று வச்சு வாங்குறது? கண்ணு ஆபரேஷன்னு சொல்லலாம்னா, கண்ணு கூட நல்லாத்தான் தெரியுது."