யார் பேருக்கு அர்ச்சனை: கடலூரிலிருந்து சிதம்பரம் வரை

தேர்தல் முடிவு வந்த அடுத்த ஞாயிறு, சிதம்பரம் தில்லைக் காளியம்மனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, துணைக்கு வா என்று கடலூர் அத்தை கூப்பிட்டார். மாமாவும் வந்தார். செம்மண்டலத்தில் அவர் கட்சியின் கிளைச் செயலாளர். முப்பது வருஷமாகக் கரை வேட்டி தவிர வேறு கட்டியதில்லை. இந்த முறை அவர் கட்சி தோற்றுப்போனது. சாவு வீட்டு முகத்தோடுதான் கிளம்பினார்.

காலை எட்டு மணிக்குக் கடலூரில் பஸ் ஏறினோம். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வழி முழுக்க மாமா தோல்விக்குக் காரணம் அடுக்கினார். கூட்டணி சரியில்லையாம், பணம் விளையாடிவிட்டதாம்.

"வெளி ஓட்டு போச்சு மாப்ள. நம்ம வூட்டு ஓட்டு நாலும் கல்லு மாதிரி."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். (நூறு கேட்டார். பேசிப் பாருங்கள்.) சன்னதியில் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார். அத்தை ஒரு பேர் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா ஒரு மாசமாகத் தெருத்தெருவாக மைக்கில் திட்டித் தீர்த்தாரே, இப்போது ஜெயித்தும் இருக்கிற அந்த எதிர்க்கட்சி வேட்பாளரின் பேர்!

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க சாமி. அவுரு ஜெயிச்சா அர்ச்சனை பண்றேன்னு வேண்டிக்கிட்டேன்."

வெளியே வந்ததும் மாமா அத்தையைப் பிடித்துக்கொண்டார். "எப்பலேருந்துடி?"

"ரெண்டு எலெக்‌ஷனுக்கு முன்னாடி, பெரியவன் வேலைக்காக ஒங்க கட்சி எம்.எல்.ஏ. வூட்டுக்குப் போனேன்ல. ஒங்க பேரச் சொல்லியும் வாசல்லயே நிக்க வச்சி அனுப்பிட்டாரு. ஒங்க கட்சிக்கு ஓட்டுப் போடறத அன்னிக்கே வுட்டுட்டேன்."

"நான் பூத் ஏஜென்ட்டா எதுத்தாப்புல உக்காந்துனு இருக்கேன். எம் மூஞ்சியப் பாத்துக்கினே போயி..."

"அதுக்குத்தான மறைப்பு வச்சிருக்காங்க."

ஒரு கோட்டை ஒரே தேர்தலில் சரிகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்கத்துத் தலையணைக்கே தெரியாமல் இத்தனை வருஷமாகச் சரிந்திருக்கிறது! இன்னும் நம்ப முடியவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். கட்சிக்காரரோடு போனால், அர்ச்சனை யார் பேருக்கு என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் மாமா போனை எடுத்து, பெரிய மகனின் நம்பரை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பசங்களைக் கேக்கப் போறீங்களா மாமா?" என்றேன்.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வேணாம் மாப்ள. கேட்டா சொல்லிப்புடுவானுங்க."