தெரியாதக்கா போட்ட கையெழுத்து

சபையின் ஐம்பதாம் ஆண்டு மலரில், இருபத்தேழாம் பக்கத்தில், கட்டம் கட்டி இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: "விசுவாசத்தைக் குறித்து எவர் எக்கேள்வி கேட்டாலும் தயக்கமின்றி விடையளிக்கும் வல்லமை பெற்ற சகோதரி. நாற்பது ஆண்டுகள் தேவனை மறுதலித்து வாழ்ந்த கடின இருதயக்காரர் ஒருவரை, தம் ஞானமான பதில்களால் மரணப் படுக்கையில் மனந்திரும்பச் செய்தவர்."

பக்கத்தில் ஒரு புகைப்படம். அதில் அவர் கண்களை மூடியிருக்கிறார். ஆழ்ந்த ஜெபத்தில் இருப்பதாக நினைத்துப் பலர் உருகினார்கள். படம் எடுத்தவர் சொல்லாமல் கொள்ளாமல் ஃபிளாஷ் அடித்துவிட்டார், அவ்வளவுதான்.

இந்தச் சகோதரியை நேரில் அறிந்த எவரும் அவரைத் தயக்கமின்றி விடையளிப்பவர் என்று சொல்லமாட்டார்கள். சபையில் அவருக்குப் பெயரே தெரியாதக்கா. எதைக் கேட்டாலும் "தெரியாதுங்க" என்பார். கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்று கேட்டாலும் அதே பதில்தான், பெருக்குமாறு எங்கே என்று கேட்டாலும் அதே பதில்தான். இரண்டாவது கேள்விக்கு மட்டும் கொஞ்ச நேரத்தில் தேடிக்கொண்டு வந்து கொடுத்துவிடுவார்.

பிழைப்பு, பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை நீராவிக்கும் ஈரத்துக்கும் நடுவே படுக்கை விரிப்புகளை மடிப்பது அவர் வேலை. விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். கணவர் லாரி ஓட்டுநர். ஈரல் கெட்டுப் படுத்தபோது சபையே கூடி நாற்பது நாள் ஜெபித்தது. நாற்பத்தோராம் நாள் அவர் இறந்தார். போதகர் அதற்கு மிக நல்ல விளக்கம் ஒன்றைச் சொன்னார். அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டார். அது புரிந்ததா என்று பிறகு யாரோ விசாரித்தபோது வழக்கமான பதிலையே சொன்னார்.

அந்த மாதிரி ஒருவர் சபை நடத்திய விடை வகுப்பில் சேர்ந்தது எப்படி என்பதைச் சொல்லவேண்டும். வகுப்பு தொடங்கக் காரணமே ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்தான். அவருடைய ஒரே மகள் அப்பாவின் பேச்சை மீறிச் சபையில் சேர்ந்து, ஞானஸ்நானம் பெற்று, இரண்டே ஆண்டில் காய்ச்சலில் போய்விட்டாள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் அவளைப் புதைத்தார்கள். வாத்தியார் மாதாமாதம் முதல் ஞாயிறன்று மகளைப் பார்க்க வருவார். வந்தவர் அப்படியே உள்ளே நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் முடிந்ததும் கையைத் தூக்குவார். அந்தக் கை எழுந்தாலே போதகருக்கு வேர்த்துவிடும். "சந்தேகம் கேக்கலாம்ல?" என்பார், பரீட்சைத் தாளைத் திருத்தப் போகிறவரைப் போல.

அவரைச் சமாளிக்கச் சபை ஒரு வகுப்பை ஏற்படுத்தியது. அச்சிட்ட குறிப்புகள், பத்துக் கேள்விகள், பத்துப் பதில்கள். தேநீர் ஊற்ற ஆள் வேண்டியிருந்ததால் தெரியாதக்காவும் வந்தார். கடைசி நாள் வாய்மொழித் தேர்வு. பத்தில் ஒன்பது கேள்விக்கு அவர் "தெரியாதுங்க" என்றார். பத்தாவதற்கு, "இதையும் சொல்லணுமாங்க?" என்றார். இருந்தும் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். "ஒருநாள்கூட லீவு போடாதவங்க. அவங்களுக்கு மட்டும் இல்லைன்னா மனசு நோகும்" என்றார் சபைச் செயலாளர். அவர் மனிதர்களின் மனசைப் பற்றிக் கவலைப்பட்டதாக ஆவணங்களில் உள்ள ஒரே சந்தர்ப்பம் அது.

இதே செயலாளர்தான் அடுத்த ஆண்டு ஒரு விதியும் கொண்டுவந்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைந்துகொண்டே போனது. உறுப்பினர் அல்லாதவர் அங்கே புதைக்கப்பட வேண்டுமானால் சாகும் தறுவாயில் விசுவாச அறிக்கை செய்திருக்க வேண்டும். அதை விடை வகுப்பில் தேறிய ஒருவர் காதால் கேட்டுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தேறியவர்கள் மொத்தம் ஏழு பேர். ஏழாவது பெயர் யாருடையது என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

வாத்தியாரும் அக்காவும் ஒரே கட்டிடத்தில், அவர் மூன்றாம் மாடியிலும் இவர் இரண்டாம் மாடியிலும், ஒன்பது வருஷம் இருந்தார்கள். படியில் பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்வதோடு சரி. ஒருநாள் வாத்தியார் குளியலறையில் விழுந்தார். எழுந்தபோது இடப்பக்கம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. சபையிலிருந்து இரண்டு முறை ஆள் போனார்கள். வாத்தியார் படுத்தபடியே கேள்வி கேட்டார். மூன்றாம் முறை யாரும் போகவில்லை.

அக்கா போனது விசுவாசத்தை நிலைநாட்ட அல்ல. கீழ்க்கடைத் தையல்காரர் வாத்தியாரின் விரிப்பை அலசி மாடிக் கம்பியில் காயப்போட்டிருந்தார். அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு அக்காவால் இரண்டு நாளுக்கு மேல் இருக்க முடியவில்லை.

"சார், இந்த விரிப்பை யார் தோய்ச்சது?"

"தையல்காரன். என்கிட்ட கணக்கில பூஜ்யம் வாங்கினவன். பழி வாங்குறான்."

"கறையைச் சுடுதண்ணில போட்டிருக்கார். அப்படிப் போட்டா ஒட்டிக்கும் சார். பச்சைத் தண்ணிலதான் ஊறப்போடணும்."

"சரி, வந்ததுதான் வந்தே. உன் பிரசங்கத்தை ஆரம்பி."

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புறீங்களா?"

ஆளைத் தூக்காமல் விரிப்பை மாற்றுவது ஒரு கைவேலை. ஒருக்களித்துச் சாய்த்து, பழையதை முதுகு வரை சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டி இழுத்துவிட வேண்டும். அழுக்குத் துணி எடுக்க வார்டுகளுக்குப் போய் வருகையில் அக்கா பார்த்துப் பழகியது. அன்று தொடங்கி, வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, இரண்டு மணிக்குத் திரும்பியதும் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை. பதினோரு மாதம். மதியத்தில் தையல்காரர் எட்டிப் பார்த்துக்கொள்வார்.

வாத்தியாருக்குக் கை ஓய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு நாப்பது நாள் ஜெபம் பண்ணாங்களே, என்னாச்சு?"

"செத்துட்டார் சார்."

"அப்போ?"

"தெரியாது சார். வாயைத் திறங்க, ரொட்டி ஊறிடுச்சு."

"என் பொண்ணு சாகுற வயசா? ஏன் எடுத்துக்கிட்டார் உங்காளு?"

இதற்கு அக்கா வழக்கமான பதிலைக்கூடச் சொல்லவில்லை. பாலில் நனைத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாத்தியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்னொரு நாள் கேட்டார்: "நீ ஜெபம் பண்ணும்போது அந்தப் பக்கம் யாராவது கேக்குற மாதிரி இருக்கா?"

"முன்ன இருந்துச்சு சார்."

"இப்ப?"

"அவர் போனதுலேர்ந்து இல்ல."

"அப்புறம் ஏன் பண்றே?"

"நான் நிறுத்தினதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் வந்து காத்துக்கிட்டிருந்தா என்ன பண்றது?"

வாத்தியார், "அந்த வகுப்புல உனக்கு எப்படித்தான் சர்டிபிகேட் குடுத்தானுங்களோ" என்றார்.

பத்தாம் மாதம் அவருக்கே தம் நிலைமை தெரிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகளின் கல்லறைக்கும் மதில்சுவருக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கும் என்று யாரும் அதைக் கேட்கவில்லை. பல ஞாயிறுகளாக அவர் அதைக் கண்ணாலேயே அளந்து வைத்திருந்தார்.

"ரெண்டரை அடி அகலம். இப்ப நான் இருக்கிற இருப்புக்கு ரெண்டு போதும். தெரியாதம்மா, உங்க விதி எனக்குத் தெரியும். நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"நீங்க நெசமாவே ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லா இருக்கும் சார்."

"நம்பிக்கை வரலையே. வந்துடுச்சுன்னு எப்படிச் சொல்ல? நாப்பது வருஷம் பிள்ளைங்ககிட்ட, வழி தெரியாம விடையை மட்டும் எழுதாதேன்னு சொன்னவன். நான் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப என்ன பண்ணணும்?"

"நீ சொல்லு."

நாத்திகர் பொய் சொல்ல மறுத்து, அந்த வேலையை விசுவாசியிடம் ஒப்படைத்ததில் இருந்த வேடிக்கை இருவருக்குமே தெரிந்திருக்க வேண்டும். இருவரும் சிரிக்கவில்லை.

"உன் சாமி மன்னிச்சுட மாட்டாரா? அதுதானே அவருக்கு வேலை?"

"மன்னிச்சுடுவார்னு தெரிஞ்சுக்கிட்டே பண்ணிட்டு, அப்புறம் போய்க் கேட்டா, அது மன்னிப்பு கேக்குறதுல சேருமா சார்?"

வாத்தியார், "நல்ல கேள்வி" என்றார். பிறகு, அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக, "எனக்குத் தெரியாது" என்றார்.

அக்கா ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. அடுத்த மூன்று வாரமும் விரிப்பை மாற்றும்போதெல்லாம் வாத்தியார் இவருடைய முகத்தைப் பார்ப்பார். இவர் விரிப்பைப் பார்ப்பார். கடைசி வாரம் அவருக்குப் பேச்சு நின்றது. பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணி இருக்கும். அவரை ஒருக்களித்துச் சாய்த்து, பழைய விரிப்பை முதுகு வரை சுருட்டியிருந்தார். மறுபக்கம் புரட்டும்போது உடம்பின் கனம் மாறியிருந்தது. அக்கா புதிய விரிப்பைக் கடைசி மூலைவரை இழுத்து மடித்துவிட்டுத்தான் கீழே போய்த் தையல்காரரிடம் சொன்னார்.

நான்கரை மணிக்குப் போதகரும் செயலாளரும் வந்தார்கள். போதகர் நல்ல மனிதர். செத்தவர்மேல் அவருக்கு உண்மையாகவே பாசம் இருந்தது. தம்மைப் பத்து வருஷம் தூங்கவிடாமல் படிக்கவைத்தவர் என்று தையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செயலாளர் படிவத்தை விரித்தார்.

"ஏம்மா, கடைசியில ஏதாவது சொன்னாரா? உள்ளது உள்ளபடி சொல்லுங்க. தெரியாதுன்னா தெரியாதுன்னே எழுதிக்கிறேன், எனக்கொண்ணும் இல்ல."

தெரியாதக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"சொன்னார்" என்றார்.

"என்னன்னு?"

அவர் சொல்லத் தொடங்கினார். பாவத்தை உணர்ந்ததையும், மன்னிப்பை வேண்டியதையும், மீட்பரை ஏற்றுக்கொண்டதையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். அச்சிட்ட குறிப்புகளில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது அப்படியே வந்தது. தேநீர் ஊற்றிக்கொண்டே அத்தனையையும் மனப்பாடம் செய்திருக்கிறார்; தேர்வில் கேட்டபோது சொல்லாததற்கு ஒரே காரணம், அவை தமக்குத் தெரியும் என்று அவரால் சொல்ல முடியாததுதான். வாத்தியார் பேச்சு நின்று ஆறு நாள் ஆகியிருந்தது. அதைத் தையல்காரர் அறிவார். கடைசி நொடியில் நாக்கு அவிழ்ந்தது அற்புதம் என்று அவரே எடுத்துக்கொடுத்தார். போதகர் கண்களைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் பேனாவை நீட்டினார்.

மறுநாள் வாத்தியாரை மதிலோரம் மகள் பக்கத்தில் வைத்தார்கள். இடம் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கஷ்டகாலம். பதினோரு மாதம் தோய்த்ததும் துடைத்ததும் எவர் கண்ணிலும் படவில்லை. ஐந்து நிமிடம் சொன்ன பொய் ஊரெல்லாம் பேசப்பட்டது. தையல்காரர் சபையில் சேர்ந்தார். ஞானஸ்நானம் முடிந்து தலை சொட்டச் சொட்ட வந்து, "எல்லாம் உங்களாலதான் அக்கா. எங்க வாத்தியாரே ஒத்துக்கிட்டார்னா அப்புறம் நான் யாரு?" என்று அழுதார். அக்கா அவருக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தார். விடை வகுப்பை நடத்தக் கூப்பிட்டார்கள். முழங்கால் வலி என்றார்.

அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தைக் கையெழுத்துப் போட்ட அன்றோடு நிறுத்திவிட்டார்; மனம் வருந்தாத பாவத்தோடு அதைத் தொடக்கூடாது என்பது சபையின் போதனை. தட்டு வரும்போது தேநீர் அறைக்குப் போய்விடுவார். முதலில் வயிற்றுப்புண் என்றார். அது ஆறக்கூடிய காலமும் தாண்டிப்போனதும் போதகர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடுங்கம்மா. வருத்தப்பட்டா மன்னிப்பு உண்டு."

"வருத்தம் வரலையே ஐயா. அதான் பிரச்சனை."

"எதுக்கு வரணும்?"

"தெரியாதுங்க."

சொன்னால் செயலாளர் என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியும். மூடிய குழியை மறுபடி தோண்டுவது கஷ்டமான வேலைதான். ஆனால் விதி என்று வந்துவிட்டால் செயலாளர் கஷ்டம் பார்ப்பவர் அல்ல. ஆக, மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தால் வாத்தியாருக்கு இடம் போகும்; மூடிக்கொண்டால் தமக்கு இடம் போகும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தேநீர் அறையில் நின்று கோப்பைகளைத் துடைக்கிறார். ஏற்கெனவே துடைத்தவற்றையும் மறுபடி துடைக்கிறார். பாட்டு முடிந்து கதவு திறக்கும்வரை. மலர் வெளியான அன்றும் அங்கேதான் இருந்தார். ஜெபம் மட்டும் தொடர்கிறது. அந்தப் பக்கம் இன்னும் ஒருவரும் பேசவில்லை.

மலரில் உள்ளதைத் திருத்துவதானால் இப்படி எழுதலாம். அவர் யாருடைய கேள்விக்கும் விடை சொல்லவில்லை. எவரையும் மனந்திருப்பவில்லை. தமக்கு உறவில்லாத, தம் கடவுளைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பதினோரு மாதம் புரட்டிப் படுக்கவைத்து, கழுவி, உலர்ந்த விரிப்பு போட்டார். அவர் செத்த அன்று பிற்பகல், அவரை மகள் பக்கத்தில் புதைப்பதற்காக, பொய் என்று தெரிந்தே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.